ஒரு கிண்ணம் மீ: திசைச்சொல் நோக்கில் ஒரு திறனாய்வு

ஒரே ஒரு வாக்கியத்தைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாக்கியம் புலவர் எவரும் யாத்ததன்று, நூலேறியதும் அன்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள பள்ளி ஒன்றில் நான் இளம் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், கிளமெண்டி அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டில் எழுதியது. 'எங்கள் வீட்டுச் சனிக்கிழமை' என்பது நான் கொடுத்த தலைப்பு. அவன் எழுதினான்: "அப்பா பக் சோர் மீயைக் கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே புரட்டினார், காடி மணத்தில் எனக்குத் தும்மல் வந்தது."

நான் சிவப்பு மையால் அவ்வரியின் குறுக்கே கோடிட்டேன். ஓரத்தில், 'இட்டலி என மாற்றுக' என்று குறித்தேன். அடுத்த வாரம் ஏடு திரும்பி வந்தது. "நாங்கள் சுவையான இட்டலியை மகிழ்ச்சியுடன் உண்டோம்" என்று இருந்தது. பிழையில்லை. சரிக்குறி இட்டு, முன்னதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வழங்கினேன்.

இவ்விரு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பார்க்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். முதலாவதில் ஒரு தந்தை இருக்கிறார். அவர் கை அசைகிறது. கிண்ணத்துக்கு அடியும் மேலும் இருக்கின்றன. ஒரு மணம் எழுந்து எதிரே அமர்ந்திருக்கும் சிறுவனின் மூக்கைத் தொடுகிறது. பண்புச்சொல் ஒன்றுகூட இல்லை. வினைச்சொற்களே காட்சியைத் தாங்குகின்றன. இரண்டாவதில் யாரும் இல்லை. 'நாங்கள்' என்பது எவர் என்று தெரியவில்லை. எதுவும் நிகழவில்லை, நிகழாத குறையை மறைக்கச் 'சுவையான' என்பதும் 'மகிழ்ச்சியுடன்' என்பதும் முன்னும் பின்னும் காவல் நிற்கின்றன. ஆண்டுதோறும் நாம் திருத்தும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இவ்விரண்டு சொற்களும் எத்தனை முறை வருகின்றன என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றை மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. நம் வகுப்பறையில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி, அவ்வாக்கியம் சுட்டும் உணவைக் காண்போம். படியாத நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் அவ்வாறே, உண்டறியாத உணவுக்குத் தீர்ப்பு வழங்கியிருந்தேன். பன்றி இறைச்சி எங்கள் வீட்டு அடுக்களைக்குள் வந்ததில்லை. ஐம்பதாம் அகவையைக் கடந்த பின்னரே, உடன் பணியாற்றிய சீன ஆசிரியர் ஒருவர் அழைக்க, கிளமெண்டி அவென்யூ 3, 448ஆம் புளோக்கில் உள்ள உணவங்காடி நிலையத்தில் அமர்ந்து முதன்முறையாக அதனை உண்டேன்.

பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஹொக்கியன், தியோச்சியூ வழக்கில் 'பக்' என்றால் இறைச்சி. அடைமொழி இல்லாதபோது அது பன்றி இறைச்சியையே குறிக்கும். 'சோர்' என்பது பொடியாகக் கொத்தியது. 'மீ' என்பது கோதுமை மாவில் செய்த இழை. தட்டையான பட்டை இழை வேண்டுவோர் 'மீ போக்' என்பர். மெல்லிய உருண்டை இழை வேண்டுவோர் 'மீ கியா' என்பர். 'கியா' என்பதற்குப் பிள்ளை, குட்டி என்று பொருளாம். சிறியதைக் குட்டி என்று அழைக்கும் வழக்கம் நமக்கும் உரியதாகையால், 'மீக்குட்டி' என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரர் செய்முறையைக் கூர்ந்து நோக்கினேன். வெறுங்கிண்ணத்தில் முதலில் மிளகாய் விழுது, கறுப்புக் காடி, சோயா சாறு, பன்றிக் கொழுப்பு உருக்கிய நெய் ஆகியவற்றை இடுகிறார். இழையைக் கொதிநீரில் சில நொடிகள் அமிழ்த்தி எடுத்து, குளிர்நீரில் காட்டி, மீண்டும் கொதிநீரில் தோய்த்து உதறிக் கிண்ணத்தில் கவிழ்க்கிறார். அதன்மேல் கொத்திய இறைச்சி, மெல்லிய இறைச்சித் துண்டு, ஈரல், ஊன் உருண்டை, சோயா சாற்றில் நெடுநேரம் வெந்த காளான், மொரமொரப்பாகப் பொரித்த கருவாட்டுத் துணுக்கு. குழம்பு தனிக் கிண்ணத்தில் வருகிறது. இதனை 'உலர்ந்த' மீ என்கிறார்கள். பிடோக் வட்டாரத்தில் இதனைக் குழம்போடு உண்பதே பெயர்பெற்ற வழக்கு.

ஆகவே, காரமும் காடியும் கிண்ணத்தின் அடியில் கிடக்கின்றன. மேலாக எடுத்து உண்பவருக்கு வெறும் மாவு இழைதான் கிட்டும். அடியிலிருந்து மேலே புரட்டினால்தான் உணவு உணவாகிறது. புரட்டும்போதுதான் காடியின் ஆவி மேலெழுந்து எதிரே இருப்பவரைத் தும்ம வைக்கிறது. பதின்மூன்று வயதுச் சிறுவன் இவ்வளவையும் கண்டு, கண்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறான். அன்று மேசையின் முன் இதனை உணர்ந்தபோது நான் உண்பதைச் சற்று நிறுத்திவிட்டேன். காரம் என்று சீன நண்பர் எண்ணிக்கொண்டு குளிர்ந்த கரும்புச் சாறு வாங்கி வந்தார்.

சுவையைப் பற்றியும் ஒரு சொல். நாவில் முதலில் படுவது புளிப்பு. உறைப்பு பின்னால் வருகிறது. வந்த பிறகு போவதில்லை. கொழுப்பு இரண்டையும் தழுவிக்கொள்வதால் எதுவும் உறுத்துவதில்லை. கருவாட்டுத் துணுக்கு, யாப்பில் மோனை விழுவதுபோல், எதிர்பார்த்த இடத்தில் விழாமல் அடுத்த இடத்தில் விழுந்து மகிழ்விக்கிறது. ஈரல் எனக்கு ஒப்பவில்லை. ஆறிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. இது இவ்வுணவின் பெருங்குறை. பேசிக்கொண்டே உண்பவருக்கு, குறிப்பாகத் தமிழாசிரியருக்கு, இது ஏற்ற உணவன்று.

இத்தகைய எளிய அங்காடி உணவு உலக மதிப்பும் பெற்றிருக்கிறது. 1932இல் தொடங்கிக் கிராஃபர்ட் லேனில் இன்றும் நடக்கும் பக் சோர் மீக் கடை ஒன்று, 2016இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றைச் சான்றாகக் காட்டி என் மாணவனை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. பிறர் கொடுத்த நட்சத்திரத்துக்காக ஒரு சொல்லை ஏற்பது, பிறர் பழிப்புக்காக அதனைத் தள்ளுவதற்கு ஒப்பானதே. தமிழ் இலக்கணம் யாது கூறுகிறது என்பதே நமக்குரிய வினா.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் திசைச்சொல்லின் எல்லையை மேலும் விரித்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களோடு, தமிழல்லாத பிற நிலங்களிலிருந்து தமக்குரிய பொருளோடு வந்து வழங்கும் சொற்களையும் அவர் ஏற்றார். அந்நிலங்கள் யாவை என உரைகாரர்கள் காட்டும் பட்டியலை ஆசிரியப் பயிற்சியின்போது நானும் மனப்பாடம் செய்தேன்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். சிங்களம், சோனகம், சாவகம் என்று தொடங்கும் அப்பட்டியலில் நான்காவதாக நிற்பது சீனம். கடாரமும் அதில் உண்டு. சிங்கப்பூரைச் சூழ்ந்த நிலங்கள் பலவற்றையும் பெயர் சொல்லி வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது நம் இலக்கண மரபு. மனப்பாடம் செய்த நான் அவ்வாயிலை வகுப்பறையில் மூடினேன்.

வழக்கும் இலக்கணத்தின் பக்கமே நிற்கிறது. நாள்தோறும் நாம் சொல்லும் 'தேயிலை'யில் உள்ள 'தே' யாருடைய சொல்? ஹொக்கியன் மக்கள் அப்பானத்துக்கு வழங்கும் பெயர் அது. எவ்வழியாக வந்திருப்பினும் அதன் தோற்றுவாய் சீனத்தின் தென்கரை. அதனோடு இலையைச் சேர்த்துத் தமிழாக்கிக்கொண்டோம். எவரும் சிவப்பு மை இடவில்லை. அக்கிண்ணத்தில் காரம் தரும் மிளகாயின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடி, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. உறைப்புக்கு நாம் முன்பே அறிந்திருந்தது மிளகு. ஆகவே புதிய விருந்தினருக்கு மிளகின் பெயரையே தந்து மிளகாய் என்றோம். சீனரும் இவ்வாறே செய்தனர். அவர்கள் தொன்றுதொட்டு அறிந்திருந்த 'ஜியாவ்' என்னும் உறைப்புமணியின் பெயரையே மிளகுக்கும் மிளகாய்க்கும் அடைமொழி சேர்த்து வழங்கினர். சீன நூல்களில் மிளகாய் பற்றிய குறிப்பு 1591இல் காணப்படுகிறது. ஒரு கடலின் இரு கரைகளில், ஒருவரையொருவர் கேளாமலே, இரு மொழிகள் ஒரே உத்தியைக் கையாண்டிருக்கின்றன.

இப்பக் சோர் மீக்கு உறவான உணவு ஒன்று சிச்சுவான் மாநிலத்தில் உண்டு. கொத்திய பன்றி இறைச்சி, மிளகாய் எண்ணெய், ஊறவைத்த கீரை, நாவை மரத்துப்போகச் செய்யும் அந்நாட்டு உறைப்புமணி ஆகியவை சேர்ந்தது. இப்போது சிங்கப்பூரிலும் பரவலாகக் கிடைக்கிறது. அதற்குத் 'தன் தன் மியன்' என்று பெயர். 'தன்' என்பது தோளில் சுமக்கும் தண்டு. இழையை ஒரு முனையிலும் குழம்பை மறு முனையிலும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர். அத்தண்டுக்குத் தமிழில் 'கா' என்று பெயர். காவடி என்பதில் இன்றும் அது வாழ்கிறது. பாணர் தம் இசைக்கருவிகளைத் தொங்கவிட்டுச் சென்றதும் காவில்தான். நன்னூலார் தொகுத்த ஓரெழுத்தொருமொழிகள் நாற்பத்திரண்டில் 'கா'வும் உண்டு, 'மீ'யும் உண்டு. பின்னதற்கு மேல், உயரம் என்று பொருள். இரண்டையும் சேர்த்து அச்சிச்சுவான் உணவைக் 'காமீ' என்று மொழிபெயர்த்து விடலாம் என ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். ஆயினும் 'மீ' என்னும் ஒலி தமிழ் வாய்க்கு அயலானதன்று என்பதை அவர்கள் மறக்கவில்லை.

தமிழர் கைகளும் இதனை அயலாகக் கருதவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்திய முஸ்லிம் கடைகளில் விற்கும் மீ கோரெங்கை எண்ணிப் பாருங்கள். இழை சீனருடையது; பெயரின் பின்பாதி மலாய்; தாளித்துக் கிளறுபவர் பெரும்பாலும் தமிழ் பேசுபவர். தமிழ்நாட்டு ஊர்களில் அதே உணவைத் தேடினால் கிடைக்காது. இங்கே பிறந்த உணவு அது. வாடிக்கையாளர் 'ஒரு மீ' என்று தமிழில் கேட்கிறார். மறு கணமே கிடைக்கிறது. அச்சொல் கட்டுரை ஏட்டுக்குள் நுழையும்போது மட்டுமே நாம் கடவுச்சீட்டுக் கேட்கிறோம்.

'மீ இருக்கட்டும், பன்றி எதற்கு?' என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். ஒதுக்கிவிடத் தக்க கேள்வியன்று அது. நம் வகுப்புகளில் இஸ்லாமிய மாணவர்கள் இருக்கிறார்கள். புலால் உண்ணாதவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகும்படி ஒரு பாடம் நடத்துவது ஆசிரியருக்கு அழகன்று. ஆனால் உண்பதும் எழுதுவதும் வேறு. உண்ணாதவர் தம் உண்ணாமையை எழுதட்டும். சீனத் தோழன் ஒரு பக்கம் மீயை உறிஞ்ச, தான் எதிரே அமர்ந்து ரொட்டி பராட்டாவைப் பிய்ப்பதையும், உண்டு முடித்தபின் தன் தட்டை ஹலால் அடுக்கிலும் தோழன் தன் தட்டை மற்ற அடுக்கிலும் வைத்துவிட்டு ஒன்றாகவே வீடு திரும்புவதையும் ஒரு முஸ்லிம் மாணவி எழுதினால், அதைவிடச் சிறந்த சிங்கப்பூர்க் கட்டுரை எது? 'பன்றி' என்ற சொல்லைத் துடைத்துவிட்டால் அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலான நாகரிகமும் சேர்ந்தே துடைபட்டுப் போகிறது.

அன்றியும், நாம் போற்றும் பழம்பாட்டுகள் இவ்வகையில் நம்மைவிடத் துணிவு மிக்கவை. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளை வழிகாட்டும் நூல்களாகவும் புரவலர் புகழாகவும் கற்பிக்கிறோம். ஓரளவுக்கு அவை உணவு நூல்களும் ஆகும். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் பெறுகிறான். வேலூரில் புளிச்சோற்றோடு ஆமான் இறைச்சி பெறுகிறான். மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு பெறுகிறான். எந்த நிலத்தில் கால் வைக்கிறானோ அந்த நிலத்தின் உணவை, அந்த மக்கள் கொடுத்தபடியே பெறுகிறான். புலவரும் அப்படியே பாடுகிறார். எல்லா ஊரிலும் ஒரே சோற்றை உண்டான் என்று பாடியிருந்தால் ஆற்றுப்படையில் ஆறு ஏது, படை ஏது? பெரும்பாணாற்றுப்படையில் குழியில் நிறுத்தி நெடுநாள் பேணிக் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் ஊனே விருந்தாகிறது. பட்டப்படிப்பில் இவ்வடிகளுக்கு உரை சொல்கிறோம். உயர்நிலை ஒன்றில் அதே பொருளுக்குக் கோடிடுகிறோம்.

நத்தத்தனார் வேறொரு வீட்டையும் காட்டுகிறார். வறுமையால் உப்பும் இல்லாமல் வேளைக்கீரையை வேகவைத்து, புறங்கூறுவோர் பார்ப்பாரோ என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் பாணர் வீடு அது. மூடிய கதவுக்குள்ளும் சென்று எழுதியவர் அப்புலவர். நானோ, கிளமெண்டி உணவங்காடி நிலையத்தில் பலர் காண அமர்ந்து மகிழ்ந்து உண்ட ஒரு குடும்பத்தின் மீது கதவை வெளியிலிருந்து அடைத்தேன்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று. அம்மாணவனுக்குத் தெரிந்தது மீ. தெரியாதது தமிழ் எழுத்து நடை. தெரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டு தெரியாத நடைக்குள் அவன் தானாகவே வந்து நின்றிருந்தான். நான் அந்தப் பிடியை விடுவித்தேன். அதன்பின் ஆண்டு முழுதும் அவன் எழுதிய கட்டுரைகளில் வாழையிலை வந்தது, கிணற்றடி வந்தது, மாட்டுவண்டிகூட ஒருமுறை வந்தது. அவன் கண்ட பொருள் ஒன்றுகூட வரவில்லை. தேர்வில் நல்ல தகுதியே பெற்றான். அதனால் என் பிழை எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு அதே உணவங்காடி நிலையத்தில் அவரைக் கண்டேன். வளர்ந்தவரை 'அவன்' என்பது தகாது. அவரே என்னை அடையாளம் கண்டு, "சார், சாப்பிட்டீங்களா?" என்றார், அடுத்த வாக்கியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். உடன் ஏழெட்டு வயது மகள். நான் விடாமல் தமிழிலேயே பேச, அவர் சற்றுக் கூச்சத்தோடு, "தேர்வுக்கு எழுதுனதோட சரி சார், அப்புறம் தமிழ்ல ஒரு வரிகூட எழுதல" என்றார். அக்கட்டுரையை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தார். நான் விளக்கவில்லை. மீக் கடைக்காரரிடம் அவர் மாண்டரினில் சொல்லி வாங்கி வந்தார். மகளுக்காகக் கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே புரட்டிக் கொடுத்தார். அவள் தும்முவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மவில்லை, அவளுடையதில் காடியைக் குறைக்கச் சொல்லியிருந்தாராம்.

இன்று நான் தலைமையாசிரியனாக இருக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், மாணவர் அன்று காலை உண்டதை அதன் பெயரோடு எழுத வேண்டும் என்பது ஒரு பயிற்சி. 'சுவையான' என்ற சொல்லுக்குத் தடை. இப்பயிற்சியில் எழுந்த சிக்கல் ஒன்றை ஆசிரியர் கவனத்துக்கு வைக்கிறேன். 'பக் சோர் மீ' என்று எழுதிய மாணவனை நோக்கி ஒரு மாணவி, வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வராதே, 'பக்' எப்படி வரும் என்று கேட்டுவிட்டாள். கேள்வி நியாயமானது. குற்றியலுகரம் சேர்த்துப் 'பக்கு' என்றாக்கி, வலிமிகுந்து 'பக்குச்சோர் மீ' என்று எழுதலாம் என்றான் இன்னொருவன். சீனப் பாட்டி உள்ள மாணவி ஒருத்தி, 'சோர்' என்பதில் ரகர ஒற்றே கிடையாது, அது ஆங்கில எழுத்துக் கூட்டலால் வந்தது, பாட்டி 'சோ' என்றுதான் சொல்வார் என்றாள். அப்படியானால் 'பக்குச்சோ மீ' என்றது பின்வரிசை. கடைப் பலகையில் உள்ளவாறே எழுதுவோம் என்றது முன்வரிசை. நன்னூலைக் கொண்டுவரச் சொல்லிப் பதவியலைப் புரட்டினோம். மணி அடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.